பாப்பாவுக்கு, கடித எண் 1

விரிஞ்சிபுரம்,
14.12.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். தம்பியும் அவன் வீட்டில் எல்லாரும் ஓசூரில் நலம். தலைத்திவசம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டோம். முள்ளுக் கத்தரிக்காய் கொத்சு வைக்கச் சொல்லியிருந்தேன். அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதானே.

இன்று கார்த்திகைக் கடை ஞாயிறு. ராத்திரி முழுக்கத் தெருவில் ஜன நடமாட்டம். விடியற்காலை எழுந்து கதவைத் திறந்தால், சிம்ம தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். போன வருஷம் இதே கடை ஞாயிறு விடியலில்தான், இந்தக் கூட்டத்தில் கார் நுழைய முடியாமல், ரோட்டிலேயே இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நீ நடந்து வந்தாய். உங்கப்பாவை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வாசலில் நின்று, "நான் லேட்டும்மா" என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

திவசத்தன்று போனில் இன்னொன்றும் சொன்னாய். "எனக்கு அப்பாவை லீவுலதாம்மா தெரியும். மத்த நாள்ல அவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. போனில் இதெல்லாம் பேச எனக்கு வராது. நீயும் ஆபீஸ் போகிற அவசரத்தில் இருப்பாய். அதனால் எழுதுகிறேன். மேலே எண் 1 என்று போட்டிருக்கிறேன் பார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் மகன் கேட்ட கேள்விக்குப் பதில். தாத்தா எப்படி நேவிக்குப் போனார் என்று கேட்டானாமே. நம்ம பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ஒரு சிப்பாய் இருப்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். அவருடைய அண்ணன், சித்தப்பா எல்லாரும் ராணுவம். இவர் மட்டும் 1966-ல், பதினேழு வயதில், கடலையே பார்க்காமல் கடற்படையில் சேர்ந்தார். விசாகப்பட்டினத்தில் பயிற்சிக்குப் போய் இறங்கிய அன்றுதான் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தாராம். பாலாறு முழுக்கத் தண்ணி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாராம், அதைவிடப் பெரிதாக இருந்ததாம். ஊரில் கடைசிவரைக்கும் நம்ம வீட்டுக்கு மிலிட்டரிக்காரர் வீடு என்றுதான் பெயர். நேவி வேறு, மிலிட்டரி வேறு என்று அவர் யாரையும் திருத்தியதில்லை.

லோனாவாலாவில் எஞ்சின் வேலை படித்துவிட்டு விக்ராந்த் கப்பலுக்குப் போனார். நம் நாட்டின் முதல் விமானம்தாங்கிக் கப்பல். 1971-ல் அவருக்கு இருபத்திரண்டு வயது. கொதிகலன் அறையில் வேலை. அந்தக் கப்பலுக்கு நான்கு கொதிகலன்கள். அதில் ஒன்றில் விரிசல் விழுந்திருந்தது. மூன்றை வைத்துக்கொண்டுதான் போருக்குப் போனார்கள். டிசம்பர் 4 காலையில் விமானங்கள் கிளம்பி காக்ஸ் பஜாரைத் தாக்கின, பிற்பகலில் சிட்டகாங்கை. ஆனால் அவர் ஒரு விமானத்தையும் பார்க்கவில்லை. விமானத்தை மேல்தளத்திலிருந்து உந்தி விடுவதும் நீராவிதான். அதனால் மேலே ஒன்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கீழே அழுத்தமானியின் முள் இறங்குமாம். முள் இறங்குவதை வைத்து எத்தனை போனது என்று எண்ணுவார்களாம். பிறகு மேலே தளத்தில் வந்து இறங்கும் சத்தத்தை வைத்து எத்தனை திரும்பியது என்று எண்ணுவார்களாம். "போரை நான் பாக்கல டீச்சர், எண்ணினேன்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அந்தச் சூட்டில் ஒரு கை வேலை பார்க்க, மறு கை தண்ணீர்க் குவளையைப் பிடித்திருக்குமாம். மே மாதத்தில் நாம் எல்லாரும் வேலூர் வெயிலைத் திட்டிக்கொண்டு திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருப்போமே, அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். எதனால் என்று உனக்கு இப்போது புரியும்.

டிசம்பர் 4 கடற்படை தினம். அன்றைக்கு மெடலைத் துடைத்து வைப்பார். ஆனால் 9-ம் தேதிதான் அவருக்கு முக்கியம். 1971-ல் அந்த ராத்திரியில்தான் குக்ரி கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை. பயிற்சியில் அப்பாவோடு பக்கத்துப் படுக்கையில் படுத்த பையன் ஒருவன் அதில் போய்விட்டான். வருஷா வருஷம் அன்று சாயங்காலம் அவரே திரி போட்டு ஒரு விளக்கு ஏற்றுவார். நீ ஒரு தடவை யாருக்கு அப்பா என்று கேட்டாய். "ஃபிரண்டுக்கு" என்றார், அவ்வளவுதான். போன வருஷமும் ஏற்றினார். கை நடுங்கியது, நான் திரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு 1976-ல் கல்யாணம். மூன்று வருஷம் பிள்ளை இல்லை. அதில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம்கூட வராது. ஆனால் பேச்சு எல்லாம் எனக்குத்தான். 1978 கடை ஞாயிறுக்கு உன் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய், நடு ராத்திரியில் சிம்ம தீர்த்தத்தில் முழுகவைத்து, ஈரத் துணியோடு கோயிலில் படுக்கவைத்தார். குளிரில் பல் கிட்டித்துக்கொண்டது. மறு வருஷம் ஆவணியில் நீ பிறந்தாய்.

நீ பிறந்தபோது அவர் ரஷ்யாவில் இருந்தார். சோவியத் நாட்டில் கட்டிய ராஜ்புத் என்ற கப்பலை வாங்கி வரப் போன குழுவில் அவரும் ஒருவர். நீராவியிலேயே வேலை பார்த்தவர், கேஸ் டர்பைன் எஞ்சினை அங்கே புதிதாகப் படித்தார். அதற்காக ரஷ்ய மொழியும் கொஞ்சம் படித்தார். 1980 மே 4-ம் தேதி, கருங்கடல் ஓரத்தில் போத்தி என்ற துறைமுகத்தில் கப்பலில் நம் கொடி ஏறியது. அவர் ஊருக்கு வந்தபோது உனக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. நீ வீட்டில் பார்த்த ஆண்பிள்ளைகள் எல்லாம் என் தம்பிமார்தான். அதனால் அவரைப் பார்த்து "மாமா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ராத்திரி கிணற்றடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பீடி பிடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பீடி பிடித்து நான் பார்த்ததில்லை.

அந்த ரஷ்யா பயணத்தில் அவர் வைத்திருந்த சின்ன டைரி என்னிடம் இருக்கிறது. இப்போது எழுதுவதற்காக எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எஞ்சின் கணக்குகளுக்கு நடுவில் இப்படி இருக்கிறது: "காலை 9.10. டீச்சர் பள்ளிக்கூடம் போயிருப்பாள். பாப்பா பாட்டியிடம்." இன்னொரு பக்கம்: "இரவு 8. பாப்பா தூங்கியிருக்கும்." வேறொரு நாள்: "பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று கடிதம். தேதி பார்த்தால் 24 நாள் முன்பு எழுதியது. இந்நேரம் சரியாகியிருக்கும். சரியாகியிருக்க வேண்டும்." அந்தக் கடைசி வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

மணி எப்படி இவ்வளவு சரியாகப் போட்டிருக்கிறார் என்று பார்க்கிறாயா? அந்த ஹெச்.எம்.டி. வாட்ச்தான். 1972-ல் பம்பாயில் வாங்கியது. எந்தக் கடலுக்குப் போனாலும், எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், அதில் நம் ஊர் நேரம்தான். கப்பல் நேரத்துக்குக் கப்பலில் கடிகாரம் இருக்கிறது, இது வீட்டு நேரத்துக்கு என்பார். 2016-ல் கனடாவுக்கு, உன்னிடம் ஹாலிஃபாக்ஸ் வந்தபோதுகூட அதை மாற்றவில்லை. உங்கள் ஊர்க் கோட்டையில் நடுப்பகல் பீரங்கி வெடிக்கும்போது, வாட்ச்சைத் திருப்பி என்னிடம் காட்டுவார், எட்டரை மணி. "தம்பி இப்ப சாப்பிட்டுட்டு இருப்பான்" என்பார். துறைமுகத்தில் நிற்கும் அந்தப் பழைய போர்க்கப்பல் சாக்வில்லில் ஏறி அவர் இறங்கவே மாட்டேன் என்றாரே, உனக்கு நினைவிருக்கும். அந்தக் கப்பலில் ஏறியதைவிட, தன் மகள் ஒரு நேவி ஊரில் குடியிருக்கிறாள் என்பதில்தான் அவருக்குப் பெருமை. ஊருக்குத் திரும்பி வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னார்.

நம் கோயில் தெற்குச் சுற்றில் நேரம் காட்டும் கல் இருக்கிறதே, அதில் குச்சி வைத்து உனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? நிழலும் வாட்ச்சும் ஒத்துப்போகவில்லை, கல் தப்பு என்று நீ அழுதாய். அவர் மண்ணிலேயே கோடு போட்டுக் காட்டினார். நாட்டுக்கெல்லாம் ஒரே நேரம் என்று வைத்திருப்பது 82½ டிகிரிக் கோட்டை வைத்து. அது காக்கிநாடாவை ஒட்டிப் போகிறது. நாம் அதற்கு மூன்றரை டிகிரி மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம். அதனால் அங்கே சூரியன் உச்சிக்கு வந்து கிட்டத்தட்ட 14 நிமிஷம் கழித்துத்தான் நம் தலைக்கு மேல் வரும். நிழலுக்கும் வாட்ச்சுக்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடும், குறையும். கல் சொல்வதும் சரி, வாட்ச் சொல்வதும் சரி என்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எப்படிப் புரியும் என்று நான் சண்டை போட்டேன். நீதான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் எல்லாருக்கும் சொன்னாய். லீவில் வந்த அப்பா என்று சொன்னாயே, வருஷத்துக்கு அறுபது நாள் லீவு. அந்த அறுபது நாளில் அவர் தூங்கிக் கழித்த ஒரு பகலை எனக்குக் காட்டு. விவசாயக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி உனக்கு நீச்சல் பழக்கினார். தம்பியின் தூளியைக் கப்பல் முடிச்சு போட்டுக் கட்டினார், அதை என்னாலேயே அவிழ்க்க முடியாது. ஏட்டிகொப்பாக்க மரச் செப்பு, பலாசா முந்திரி எல்லாம் வாங்கி வருவார். ஆனால் பெட்டியைத் திறந்ததும் நீங்கள் இரண்டு பேரும் செப்பைத்தான் பார்ப்பீர்கள், அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

இனிமேல் எழுதப்போவதை இத்தனை வருஷம் நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவர் வாங்கிய சத்தியம். அவர் இல்லை, இனி சொல்லலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

1985-ல் அவர் அதிகாரி ஆனார். மாலுமியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, மேலே வந்து சப் லெப்டினன்ட் ஆவது சாதாரண விஷயமில்லை. மறு வருஷம் விசாகப்பட்டினத்தில் குடும்பத்தோடு இருக்க அவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அப்போது அவருக்குக் கரையில் வேலை. குறைந்தது மூன்று வருஷத்துக்கு எங்கேயும் போகவேண்டாம். எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வீட்டின் வரைபடம் அளவோடு போட்டிருந்தார். இது சமையலறை, இந்த ஜன்னலில் டால்பின்ஸ் நோஸ் மலையும் லைட் ஹவுசும் தெரியும், இது பாப்பா மேஜை, இது சின்னவன் தூளிக்குக் கொக்கி. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான் என்று எழுதி, எத்தனை அடி என்று எண்ணிப் போட்டிருந்தார். 640 அடி.

நான் போகவில்லை பாப்பா.

எனக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை கிடைத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. குடியாத்தத்தில் எங்கப்பா தறியில் உட்கார்ந்து, கண் போகும்வரைக்கும் லுங்கி நெய்து என்னைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்போதுதான் தங்கச்சிகள் இரண்டு பேருக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. விசாகப்பட்டினம் போனால் வேலையை விட வேண்டும். தெலுங்கு எனக்கு வராது, அங்கே போய் வேறு வேலை பார்க்கவும் முடியாது. பதினைந்து நாள் யோசித்தேன். வரமுடியாது என்று எழுதிப் போட்டுவிட்டு, போஸ்ட் பாக்ஸ் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பதில் கடிதத்தில் கோபம் இருக்கும் என்று பிரிக்கவே பயமாக இருந்தது. நாலே வரி. "உன் வேலை உன்னுடையது. விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்." அந்தத் தடவை லீவில் வந்தபோது, ஏன் நாம் அப்பா கூடப் போகக்கூடாது என்று நீ கேட்டாய். நேவியில் குடும்பத்தை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று சொன்னார். நீ நம்பினாய். காலேஜ் படிக்கும்போது, மற்றவர்களின் அப்பாக்கள் எல்லாம் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், இவருக்குத்தான் நாம் வேண்டியதில்லை என்று நீ என்னிடம் சொன்னாய். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் உள்ளே வந்து, "விடு, பாப்பா சொல்றது சரிதான்" என்றார். உனக்குக் கேட்டிருக்கும். உள்ளறையில் என்னிடம், "அம்மா வேலைக்காகத்தான் நம்ம பிரிஞ்சி இருந்தோம்னு பிள்ளைங்க நினைக்கவே கூடாது. எம்மேல இருக்கற கோவம் கடல்ல போயிடும். வீட்டுக்குள்ள இருக்கறவ மேல கோவம் வந்தா எங்க போவும்?" என்றார்.

வேலையை விடாததற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை. உன் சித்திகள் கல்யாணம், உன் படிப்பு, தம்பி படிப்பு எல்லாவற்றிலும் அந்தச் சம்பளம் இருக்கிறது. நீ இன்று பிள்ளையை வைத்துக்கொண்டு அத்தனை தூரத்தில் வேலைக்குப் போகிறாய், உனக்கு இது புரியும். ஆனால் அந்தப் பாரத்தை நாற்பது வருஷம் அவர் ஒருவரே சுமந்தார் என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவரும் வீட்டுக்கு வரத் தவிக்கத்தான் செய்தார். 1992-ல் அரக்கோணத்தில் ராஜாளி விமானத் தளம் வந்தது. கடலே இல்லாத நம் வட ஆற்காட்டில் நேவி வந்துவிட்டது என்று துள்ளினார். காட்பாடியிலிருந்து ரயிலில் போய்விட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நான்கு தடவை கேட்டு எழுதினார். கப்பல் எஞ்சின்காரருக்கு விமானத் தளத்தில் என்ன வேலை, கிடைக்கவில்லை. 2006-ல் லெப்டினன்ட் கமாண்டராக ஓய்வு பெற்று வந்த பிறகு, அந்த டி.யூ.142 விமானம் ஊருக்கு மேலே போனால் போதும், சாப்பாட்டுக் கையோடு மாடிக்கு ஓடுவார். நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு காற்றாடி, அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். 2017-ல் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 2021 மே 21-ல் ராஜ்புத் கப்பலுக்கும். கொரோனா காலம், யாரையும் கூப்பிடவில்லை. சூரியன் மறையும்போது கொடியை இறக்கியதைப் போனில் பார்த்தார். எழுந்து நின்றே பார்த்தார்.

ஓய்வுக்குப் பிறகான பதினெட்டு வருஷம் எனக்குக் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை, அதையும் நான் யோசிக்காமல் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் போவார். கேஸ், குழாய், கொல்லைக் கதவு, எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு டீச்சர்" என்று எனக்கு ரிப்போர்ட் கொடுப்பார். கம்மவான்பேட்டை, கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வயதான பெண்கள் ஒரு மஞ்சள் பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து இறந்திருப்பார், பதிவேட்டில் மனைவி பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், அதனால் குடும்ப ஓய்வூதியம் நின்றிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். ஒரு அம்மாவுக்கு ஏழு வருஷம் நின்றிருந்த பணம் வந்தது. அந்த அம்மா ஒரு கூடை சீதாப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதது. அவரை எடுத்த அன்றைக்கு, அந்த ஊர்களிலிருந்து முப்பது நாற்பது பேர், தொப்பி, மெடலோடு வந்து, தெருவில் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். எல்லாரும் ராணுவக்காரர்கள். நேவியில் அவர் ஒருவர்தான்.

லேட் என்று சொன்னாயே, அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1983-ல் உன் பாட்டி போனபோது அவர் நடுக்கடலில். தந்தி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்து, கரை வந்து, காட்பாடியில் இறங்கியபோது பதினோராம் நாள். வாசலில் பையோடு நின்றார். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க வராத பிள்ளை என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். அவர் பதில் சொல்லவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, பாப்பாவை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன். "அங்க பனி கொட்டற நேரம், அலைய வேணாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நான் போயிட்டா அது ஓடி வரும். வழியில இருக்கும்போது எல்லாம் முடிஞ்சிடும். யாரும் அதை ஒண்ணும் சொல்லக்கூடாது டீச்சர். கிளம்பிட்டாங்கன்னா வந்துட்டாங்கன்னுதான் கணக்கு" என்றார். நீ வந்து நின்றபோது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, தரைப்பாலத்தை மூடிக்கொண்டு போனது. அன்றைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கடலில் இருந்தவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று இழுத்தேன். "இது வாயலூர்ல கடலுக்குப் போய்ச் சேருது டீச்சர். நம்ம ஊட்டு வாசல்லேர்ந்து கடல் வரைக்கும் இன்னிக்கு வழி இருக்கு" என்றார். அதனால்தான் அஸ்தியை வாயலூரில் கரைக்கச் சொன்னேன். ஏன் ராமேஸ்வரம் போகவில்லை என்று நீ கேட்டாய், அன்று விவரம் சொல்லவில்லை.

இப்போது அந்த எண் விஷயம். கப்பலுக்குக் கடிதம் போட்டால் நேரே போகாது. ஃப்ளீட் மெயில் ஆபீஸ் மூலமாகப் போய், கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கே மூட்டையாகச் சேரும். முதலில் போட்டது கடைசியில் கிடைக்கும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் இன்லேண்டின் மூலையில் எண் போடுவோம். படிக்கிறவர் வரிசைப்படுத்திப் படிக்க வேண்டும். அவர் எழுதியதில் 412 வரை என்னிடம் இருக்கிறது. மாவட்டம் எத்தனை தடவை பெயர் மாறினாலும், கடைசிவரை உறையில் வ.ஆ. மாவட்டம் என்றே எழுதினார், அதுவும் வந்து சேர்ந்தது. வீட்டு வரைபடம் இருக்கும் கடிதத்தின் எண் 203. அதையும், நாலு வரிப் பதிலையும், டைரியையும் தம்பியின் சிநேகிதர் டொரான்டோ வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். வாட்ச்சும் அதோடு வருகிறது, உன் மகனுக்கு.

அதற்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். பல் தேய்த்ததும் கொடுத்துவிட்டால் மறக்காது. திருகிக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் இறுகும், அதற்கு மேல் திருகவேண்டாம் என்று அவனிடம் சொல். நான் இப்போதைக்கு நம் ஊர் நேரத்தில் வைத்திருக்கிறேன். மாற்றுவதும் விடுவதும் அவன் இஷ்டம்.

கடிதம் கிடைத்ததும் எண் போட்டுப் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா